ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு: மதிப்பீட்டின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

1

ஆண்டுதோறும் மார்கழி மாதத்தில் மேலைநாட்டுச் சஞ்சிகைகள் 'இவ்வாண்டின் சிறந்த இசைத்தொகுப்புகள்' எனும் தலைப்பிலே பட்டியல்களை வெளியிடுவதும், அவற்றையொட்டி வாசகரிடையே வாதப் பிரதிவாதங்கள் எழுவதும் நிலைபெற்ற வழக்கமாகிவிட்டன. எத்தொகுப்பு முதலிடத்துக்குரியது, எது புறக்கணிக்கப்பட்டது, எது தகுதிக்கு மீறிப் புகழப்பட்டது என்பன போன்ற வினாக்களே இவ்விவாதங்களில் முதன்மை பெறுகின்றன. இவற்றை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுவோர் உளர். ஒருவனது சுவை மற்றொருவனுக்குப் பொருந்தாது, ஆதலின் விவாதத்துக்கே இடமில்லை என்பார் வேறு சிலர். இவ்விரு நிலைப்பாடுகளும் நமக்கு உடன்பாடானவையல்ல.

'சிறந்தது' எனும் தீர்ப்பை வழங்குபவர் யாவர்? எவ்வகை உழைப்பை அவர்கள் கணக்கிற் கொள்கின்றனர்? எவருடைய வாழ்வனுபவம் அவர்களுக்குக் கலையாகத் தோற்றுகின்றது? எவருடையது வெறும் கேளிக்கையாகத் தோற்றுகின்றது? இவ்வினாக்களை எழுப்புமிடத்து, ஆண்டுப் பட்டியல் ஒரு சமுதாயத்தின் உள்முரண்பாடுகளைக் காட்டும் ஆவணமாக மாறிவிடுகின்றது. இக்கூற்றை விளக்குவதற்கு 1971ஆம் ஆண்டினை எடுத்துக்கொள்வோம். அவ்வோராண்டின் இசையைப் பற்றி வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு குழுவினரால், மூன்று வேறுபட்ட தீர்ப்புகள் வழங்கப்பட்டுள்ளமையே இத்தேர்வுக்குக் காரணமாகும்.

2

முதற்கண் 'இசைத்தொகுப்பு' எனும் வடிவத்தின் தோற்றத்தை நோக்குதல் வேண்டும். நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றுகள் சுழன்ற பழைய கிராமபோன் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கிற்று. நீண்ட இசையை விற்க விரும்பிய கம்பனிகள் பல தட்டுகளை உறைகளிலிட்டு, புகைப்பட அல்பத்தைப் போலக் கட்டி விற்றன. 'அல்பம்' எனும் பெயர் இசைக்கு வந்தது இவ்வாறே. 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டதன் பின்னர், ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேற்பட்ட இசை ஒரே தட்டில் அடங்கலாயிற்று. தனிப்பாடல்களின் தொகுதியாக இருந்தது காலகதியில் ஒருமைப்பாடுடைய படைப்பாகக் கருதப்பட்டது. ஆகவே, நாம் இன்று கலைவடிவமென மதிப்பிடும் இத்தொகுப்பு, தொழில்நுட்பமும் விற்பனைத் தேவையும் கூடிப் பெற்ற குழந்தை என்பது மனங்கொள்ளத்தக்கது.

'ஆண்டு' எனும் அலகும் இத்தகையதே. கலைஞனின் மனத்திலோ மக்களின் வாழ்விலோ ஓர் அனுபவம் தை முதலாம் நாள் தொடங்கி மார்கழி முப்பத்தோராம் நாள் முடிவதில்லை. ஆண்டு என்பது வணிகக் கணக்கின் அலகு. பத்திரிகைப் பட்டியல்கள் நத்தார்க் காலத்துப் பரிசுப் பொருள் விற்பனையுடன் ஒத்தோடுவதும் தற்செயலன்று. கலைப் படைப்புப் பண்டமாக்கப்படும்போது கேட்போரின் செவியே மாற்றமடைகின்றது என்னும் கருத்தை ஜேர்மானியச் சிந்தனையாளர் தியோடர் அடோர்ணோ 1938இலேயே முன்வைத்தார். எனினும் அவர் வெகுசன இசை முழுவதையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவிட்டார் என்பதே நமது குறை. பண்டமாக விற்கப்படும் ஒன்று, விற்பவனின் நோக்கத்துக்கு மாறான குரலையும் சுமந்து செல்லக்கூடும். 1971ஆம் ஆண்டு இதற்குத் தக்க சான்று தருகின்றது.

3

அவ்வாண்டின் இசைக்கு ஐக்கிய அமெரிக்காவில் வழங்கப்பட்ட முதலாவது தீர்ப்பு இசைத்துறையினரது. ஒலிப்பதிவுத் துறையைச் சார்ந்தோர் அங்கம் வகிக்கும் கழகத்தினர் வழங்கும் கிராமி விருது, 1972 மார்ச்சில் கரோல் கிங் பாடிய 'டப்பெஸ்ற்றி' எனும் தொகுப்புக்குக் கிடைத்தது. இரண்டாவது தீர்ப்பு விமர்சகரது. நியூயோர்க்கின் 'வில்லேஜ் வொய்ஸ்' பத்திரிகையில் றொபேட் கிறிஸ்கோ 1971இல் தொடங்கி, 1974 முதல் தொடர்ச்சியாக நடைபெற்ற விமர்சகர் வாக்கெடுப்பு அது. பின்னர் நிலைபெற்ற விதிப்படி, ஒவ்வொரு விமர்சகரும் பத்துத் தொகுப்புகளைத் தெரிந்து, நூறு புள்ளிகளை அவற்றிடையே பங்கிடுவார். எத்தொகுப்புக்கும் முப்பதுக்கு மேலோ ஐந்துக்குக் கீழோ வழங்கலாகாது. முதலாவது வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது ஆங்கிலேய றொக் குழுவான 'த ஹூ'வின் 'ஹூஸ் நெக்ஸ்ற்' ஆகும்.

மூன்றாவது தீர்ப்பு வெளிவர அரை நூற்றாண்டு சென்றது. 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை 2003இல் வெளியிட்ட ஐந்நூறு சிறந்த தொகுப்புகளின் பட்டியலில் பீற்றில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ற் பெப்பர்' முதலிடத்தில் இருந்தது. மார்வின் கே 1971 மே மாதத்தில் வெளியிட்ட 'வட்ஸ் கோயிங் ஒன்' ஆறாமிடத்தில் நின்றது. முதற் பத்தினுள் இடம்பெற்ற ஒரேயொரு கறுப்பினக் கலைஞரின் தொகுப்பு அதுவே. 2020இல் அதே சஞ்சிகை புதிய வாக்காளரைக் கொண்டு பட்டியலை மீள ஆக்கியபோது 'சார்ஜன்ற் பெப்பர்' இருபத்துநான்காம் இடத்துக்கு இறங்கிற்று. 'வட்ஸ் கோயிங் ஒன்' முதலிடத்துக்கு உயர்ந்தது. முதற் பத்தினுள் கறுப்பினக் கலைஞரின் தொகுப்புகள் நான்காயின.

1971இன் படைப்பொன்று எக்காலத்துக்கும் தலைசிறந்ததெனப் பின்னர் போற்றப்படுகின்றது. ஆனால் அது வெளிவந்த ஆண்டுக்குரிய கிராமி விருதில், முதன்மைப் பரிசுக்கு முன்மொழியப்பட்ட ஐந்து தொகுப்புகளுள் அதற்கு இடமே கிடைக்கவில்லை. கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால் இது நேர்ந்தது என்று நாம் எளிதிற் கூறிவிடல் ஆகாது. அவ்வைந்தினுள் ஐசாக் ஹேய்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞரின் 'ஷாவ்ற்' திரைப்பட இசை இருந்தது. ஆயின் திரைப்படத்துக்குத் துணைபோன இசை ஏற்கப்பட்டு, போரையும் வறுமையையும் பற்றி நேரே பேசிய இசை விடுபட்டமை ஆராய்ச்சிக்குரியது.

4

மார்வின் கேயின் தொகுப்பு உருவான சூழலைச் சற்று விரிவாக நோக்குவோம். அவர் மோற்றவுண் நிறுவனத்தின் பாடகர். அந்நிறுவனத்தின் பெயரே மோட்டார் நகரமான டெற்றோயிற்றைக் குறிப்பது. அதன் தாபகர் பெறி கோடி மோட்டார்த் தொழிற்சாலையின் பொருத்து வரிசையிலே தொழிலாளியாக வேலை செய்தவர். அவ்வரிசையின் ஒழுங்கையே தம் இசை நிறுவனத்துக்கும் முன்மாதிரியாகக் கொண்டார். பாடலாசிரியர், வாத்தியக்காரர், பாடகர், தர மேற்பார்வையாளர் என வேலை பிரிக்கப்பட்டது. ஒரு முனையில் புகும் பாடல் மறுமுனையில் வெற்றிப் பண்டமாக வெளிவரல் வேண்டும் என்பதே நோக்கு. இவ்வொழுங்கிலிருந்து மிகச் சிறந்த பாடல்கள் வெளிவந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அதில் உழைத்த வாத்தியக்காரர் பெயரற்றோராகவே நீண்ட காலம் இருந்தனர். 1967 யூலையில் அதே நகரத்திற் கிளர்ச்சி வெடித்து நாற்பத்துமூவர் மாண்டபோது, இந்த ஒழுங்கான உலகத்துக்கு வெளியே என்ன நிகழ்கின்றது என்பதை எவரும் காணாதிருத்தல் இயலாதாயிற்று.

'வட்ஸ் கோயிங் ஒன்' எனும் தலைப்புப் பாடலின் கரு, 1969இல் பேர்க்லி நகரில் இளைஞர்மீது பொலிசார் நடத்திய தாக்குதலைக் கண்ட றெனால்டோ பென்சன் என்பாரிடமிருந்து வந்தது. மார்வின் கேயின் சகோதரர் வியற்நாம் போர்க்களத்திலிருந்து மீண்டவர். இவ்விரு அனுபவங்களும் பாடலிற் கலந்தன. அதனை வெளியிடப் பெறி கோடி விரும்பவில்லை. எதிர்ப்பை மீறி 1971 சனவரியில் தனிப்பாடலாக வெளிவந்து பெருமளவில் விற்பனையான பின்னரே முழுத் தொகுப்புக்கும் வழி பிறந்தது. கலைஞனின் சமூக உணர்வுக்கு முதலாளி இணங்கியது விற்பனைக் கணக்கைக் கண்ட பின்னரே என்பது இவ்வரலாற்றின் முரண்நகை.

இவ்விடத்து முற்போக்குத் திறனாய்வாளரிடையே அடிக்கடி நிகழும் தவறொன்றைச் சுட்டுதல் அவசியம். போர், வறுமை, சூழல் மாசு ஆகிய பொருள்களைப் பாடியதனால் இத்தொகுப்புச் சிறந்தது என்று கூறி அமைதல் போதாது. அதே பொருள்களைப் பாடி மறக்கப்பட்ட தொகுப்புகள் பல. இதன் சிறப்பு, பொருளுக்கேற்ற வடிவத்தைக் கண்டதிலே தங்கியுள்ளது. ஒரே பாடலுக்குப் பதிவு செய்யப்பட்ட இரு குரல்வடிவங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் தற்செயலாக ஒருங்கே ஒலித்தன. அதைக் கேட்ட பாடகர் அதனையே தம் முறையாக்கிக் கொண்டார். ஒருவரது குரலே பலவாகி ஒன்றையொன்று வினவியும் தேற்றியும் ஒலிக்கின்றது. பாடல்கள் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து ஒன்றாகப் பாய்கின்றன. தொடக்கத்திலே கூடியிருப்போரின் பேச்சொலி கேட்கின்றது. தனிமனிதனின் முறையீடு தெருவோரத்தில் கூடிய மக்களின் உரையாடலாக மாறுவது சொற்களாலன்று, இவ்வொலி அமைப்பாலேயே ஆகும். ஜேம்ஸ் ஜமேசனின் தாழ்சுருதிக் கிற்றார் தாளத்துக்குக் காவல் நிற்பதோடு அமையாமல், பாட்டோடு தானும் ஒரு குரலாகப் பேசுகின்றது. அவரையும் அவருடைய தோழர்களையும் பெயர் சுட்டிக் குறித்த முதலாவது மோற்றவுண் தொகுப்பும் இதுவேயாம். பொருத்து வரிசையில் மறைந்திருந்த உழைப்பாளரின் பெயர் உறையிலே பொறிக்கப்பட்டமை இசைக்குப் புறம்பான செய்தியன்று. கூட்டுக் குரலை வடிவமாகக் கொண்ட படைப்பு, கூட்டு உழைப்பை ஒப்புக்கொண்டமையே அது.

5

இவ்வாறு கூறுவதனால் கரோல் கிங்கின் 'டப்பெஸ்ற்றி' தாழ்ந்தது என்று பொருளாகாது. அவர் இளமையிலேயே நியூயோர்க்கில் ஜெறி கொஃபினுடன் சேர்ந்து பிறருக்குப் பாடல் எழுதிக்கொடுக்கும் தொழிலில் ஈடுபட்டவர். பிறர் குரலுக்கு இசையமைத்த பெண்ணொருத்தி, அலங்காரமற்ற தன் குரலில் முன்வந்து பாடியமை அக்காலத்தில் ஒரு திருப்பமே. ஆனால் அத்தொகுப்பிலுள்ள இரு பாடல்கள் நமது கவனத்துக்குரியன. அவற்றுள் ஒன்றைக் கறுப்பினப் பெண்கள் குழுவான ஷிறெல்ஸ் 1960இலும், மற்றதை அறெதா பிராங்கிளின் 1967இலும் பாடிப் புகழாக்கியிருந்தனர். வெள்ளையினப் பெண் எழுதினாள், கறுப்பினப் பெண்கள் குரல் கொடுத்தனர், பின்பு எழுதியவளே பாடினாள், அத்தொகுப்பு ஆண்டின் சிறந்ததாயிற்று. இதில் எவரும் எவரிடமும் களவாடவில்லை. எனினும், பலரின் குரலால் வளர்ந்த ஒரு மரபு, பரிசளிக்கப்படும்போது ஒரு பெயரின் கீழ் ஒடுங்கிவிடுகின்றது.

விமர்சகரின் வாக்கெடுப்பும் இக்குறையினின்று நீங்கியதன்று. லிறோய் ஜோன்ஸ் எனும் இயற்பெயருடைய அமிரி பராக்கா 1963இல் ஜாஸ் இசை பற்றிக் கூறியது இங்குப் பொருந்தும். முதன்மையான இசைஞர் பெரும்பாலும் கறுப்பினத்தவர். விமர்சகரோ பெரும்பாலும் வெள்ளையர். இவ்விமர்சகர் இசையை ரசிக்கக் கற்றனரேயன்றி, அவ்விசை எவ்வாழ்க்கை மனோபாவத்திலிருந்து பிறந்தது என்பதை விளங்க முயலவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. றொக் இசையைக் கலையாக நிலைநாட்டப் பாடுபட்ட புதிய தலைமுறை விமர்சகர், வணிக விருதுக்கு எதிராக நின்றனர். அது பாராட்டுக்குரியது. ஆயின் அவர்களும் தம் வகுப்பினதும் தம் இனத்தினதும் செவியுடனேயே கேட்டனர்.

2020இன் பட்டியலை உண்மை ஈற்றில் வென்றதற்குச் சான்றாகக் கொள்வதும் பொருந்தாது. இடைப்பட்ட காலத்தில் வாக்களிப்போர் மாறினர். குடியுரிமைப் போராட்டத்தின் பயன்களும், பெண்ணிலைவாதமும், ஹிப் ஹொப் இசையின் எழுச்சியும் செவிகளை மாற்றின. தீர்ப்பு மாறியது படைப்பு மாறியதனாலன்று, கேட்கும் சமுதாயம் மாறியதனாலேயே. அம்மாற்றமும் முழுமையானதன்று. 1999இல் லோறின் ஹில் கிராமியின் முதன்மைப் பரிசைப் பெற்றபின், மற்றொரு கறுப்பினப் பெண் தன் தொகுப்புக்காக அதனைப் பெற இருபத்தாறு ஆண்டுகள் சென்றன. 2017இல் அடேலின் '25' பரிசு பெற்றபோது, அவரே மேடையில் பியொன்ஸேயின் 'லெமனேட்' தொகுப்பைப் போற்றிப் பேசினார். பியொன்ஸேக்கு அப்பரிசு 2025இலேயே கிடைத்தது.

6

ஆண்டுத் தீர்ப்பு என்பது நமக்குத் தொலைவான விடயமெனக் கருதுவோர்க்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறல் தகும். 2007இல் 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை அவ்வாண்டின் சிறந்த தொகுப்பெனத் தெரிவு செய்தது, மாதங்கி அருள்பிரகாசம் எம்.ஐ.ஏ. எனும் பெயரில் வெளியிட்ட 'கலா' ஆகும். லண்டனிற் பிறந்து, சிறுபராயத்தை யாழ்ப்பாணத்திற் கழித்து, போர்ச் சூழலில் மீண்டும் லண்டனுக்கு அகதியாகச் சென்றவர் அவர். தாயின் பெயரைத் தாங்கிய அத்தொகுப்பின் ஒரு பகுதி சென்னையிலே, உறுமி வாசிக்கும் கலைஞரைக் கொண்டு பதிவு செய்யப்பட்டது.

தமிழகத்தில் உறுமி, நாட்டார் தெய்வ வழிபாட்டிலும் சாச்சடங்கிலும் ஒலிப்பது. சாதியமைப்பின் அடித்தளத்தில் வைக்கப்பட்ட மக்களோடு பெரிதும் தொடர்புடைய கருவி அது. மார்கழி மாதச் சபா மேடைகளின் செவ்வியல் அளவுகோல் உறுமியை இசைக்கருவியாக எண்ணியதில்லை. அக்கருவியின் ஒலி, நியூயோர்க் சஞ்சிகையொன்றின் மார்கழிப் பட்டியலிலே முதலிடத்துக்கு ஏறிவிட்டது. இதனைத் தமிழரின் வெற்றியெனப் பூரிப்போர் உளர். நாம் அவ்வாறு பூரித்து நின்றுவிடவும் மாட்டோம், இது வெறும் மேலைநாட்டுச் சுரண்டல் என ஒதுக்கவும் மாட்டோம். அகதியொருத்தி, எல்லைகளைக் கடக்க விடாத உலகத்தைப் பற்றிப் பாடுவதற்கு, மேடைகளைக் கடக்க விடப்படாத கருவியொன்றைத் தெரிந்துகொண்டமையில் ஆழ்ந்த பொருத்தம் உண்டு. ஆயினும் பட்டியலிலே நின்றது ஒரு பெயர் மட்டுமே. தொகுப்பு எனும் வடிவம் உறுமியின் ஒலியை உலகெங்கும் கொண்டு சென்றது. உறுமிக்காரனின் ஊதியமும் மதிப்பும் அவனது ஊரிலே உயர்ந்தனவா என்பதைப் பட்டியலைப் பற்றிய விவாதம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய வினா அது.

நம்மிடையிலும் இதே நிலைதான். கோயில் வீதியிலும் மரணவீட்டிலும் பறை அடிப்பவனது இசை, 'சிறந்த இசை' பற்றிய நமது உரையாடல்களில் எத்தனை தடவை இடம்பெற்றுள்ளது? மேலைநாட்டுப் பட்டியலின் விடுபடல்களைச் சுட்டும் விரல் நம் பக்கமும் திரும்புதல் வேண்டும்.

7

முடிவாகச் சில கூறலாம். மதிப்பீட்டைக் கைவிடுதல் திறனாய்வின் பணியன்று. எல்லாம் சுவையின் பாற்பட்டது என விலகிநின்றால், தீர்ப்பளிக்கும் உரிமை விளம்பரகாரனிடமும் விற்பனைக் கணக்கிடமும் தானாகவே சென்றுசேரும். இன்று இணையவழியாகத் தனிப்பாடல்களை இயந்திரக் கணிப்பு நம் செவிக்குத் தெரிந்து தருங் காலத்தில் இவ்வாபத்து மேலும் பெருகியுள்ளது. குறைபாடுடையதாயினும் விமர்சகரின் ஆண்டுப் பட்டியல், மனிதர் தம் பெயரை வெளியிட்டுக் காரணம் காட்டி வாதிடும் ஒரு களமாகும். காரணம் கூறப்படும் தீர்ப்பை மறுத்துரைக்கலாம். காரணம் கூறாத கணிப்பை எவ்வாறு மறுத்துரைப்பது?

ஆகவே, ஆண்டின் சிறந்த தொகுப்பு எதுவென விவாதித்தல் வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு. ஆயின் இவ்விவாதம் முதலிடம் யாருக்கு என்பதோடு முடிதல் ஆகாது. படைப்பின் வடிவம் அதன் பொருளை எவ்வாறு தாங்குகின்றது, அதில் கலந்துள்ள உழைப்பு யாருடையது, தீர்ப்பளிப்போர் எவ்வகுப்பினர், பட்டியலுக்குள் வரவே வழியற்ற இசை எது என்ற நான்கு வினாக்களும் உடன் எழுப்பப்படல் வேண்டும். 1972இல் கிராமிக் கழகத்தார் இவ்வினாக்களை எழுப்பியிருந்தால் பரிசு மாறியிருக்கும் என்று நாம் துணிந்து கூறமாட்டோம். ஆயினும் ஐம்பது ஆண்டுகளின் பின்னர் திருத்தப்பட்ட தீர்ப்பில் ஒரு பகுதியேனும் அன்றே பேசப்பட்டிருக்கும். மார்வின் கே 1984இல் மறைந்தார், ஜேம்ஸ் ஜமேசன் அதற்கு முந்திய ஆண்டில் மறைந்தார். 2020இன் பட்டியலைக் காண அவர்கள் இருக்கவில்லை. காலம் தீர்ப்பளிக்கும் என்று கூறி வாளாவிருக்கும் திறனாய்வாளர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.